பழைய நூல்களைத் துடைக்க எந்தத் துணி ஏற்றது?

கேள்வி: எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் விடுதலைக்கு முந்தைய நூல்களும் இதழ்த் தொகுப்புகளும் இருக்கின்றன. தூசு தட்ட ஈரத்துணியே போதும் என்கிறார் ஒருவர். தூசை இழுத்துக்கொள்ளும் துணி கடையில் கிடைக்கிறதே என்கிறார் இன்னொருவர். எது பாதுகாப்பானது?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பழைய துணி அட்டைகள் பலவற்றுக்குக் கஞ்சி ஏற்றியிருப்பார்கள்; ஈரம் பட்டால் அது இளகிக் கறையாகும். தாள் ஓரத்துத் தூசோ குழைந்து இழைகளுக்குள் இறங்கிவிடும். பிறகு அதை எடுப்பது மிகக் கடினம்.

கடைத் துணியைப் பொறுத்தவரை, அது எதனால் தூசைப் பிடிக்கிறது என்பதே முக்கியம். மைக்ரோஃபைபர் துணி தன் நுண்ணிய இழைகளாலேயே பிடிப்பதால், அதை உலர்வாகப் பயன்படுத்தலாம். எண்ணெயோ மெழுகோ வாசனைப் பொருளோ ஏற்றிய துணிகள் தாளிலும் தோலிலும் ஒரு படலத்தை விட்டுச்செல்லும். அடுத்து விழும் தூசு அதில் இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். உறையில் விவரம் இல்லையென்றால், சுத்தமான கண்ணாடியில் துணியை அழுத்தித் தேய்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கல் தெரிந்தால் அந்தத் துணி நூல்களுக்கு ஆகாது.

தோல் அட்டை செம்பொடியாக உதிர்ந்தாலோ, தாள் ஓரம் நொறுங்கினாலோ மைக்ரோஃபைபரும் கூடாது. அதன் இழைகள் சிக்கிப் பிய்த்துவிடும். அங்கே மென்மயிர்ப் பிரஷ்தான் ஏற்றது. இறகுத் துடைப்பம் ஓர் அலமாரியின் தூசை அடுத்த அலமாரிக்குப் பரப்புவதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

நூலை இறுக மூடிப் பிடித்து, தூசு அதிகம் படியும் மேல்விளிம்பில் தொடங்கி, முதுகுப்புறத்திலிருந்து வெளிவிளிம்பை நோக்கித் தள்ளுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால், குழாய் வாயில் மல் துணி கட்டி, மிகக் குறைந்த விசையில் அருகே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி இல்லையென்றால் நுண்தூசு பின்புறம் வழியாக அறைக்கே திரும்பிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பழைய நூலகங்களில் பூச்சிக்காக கேமக்சின், டிடிடி ஆகிய நச்சுப் பொடிகளைத் தூவும் வழக்கம் இருந்தது. நூல்களுக்கிடையே வெண்பொடியைக் கண்டால் தட்டவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். பூஞ்சணமாக இருந்தாலும் அப்படியே. கையுறையும் முகக்கவசமும் அணிந்து அந்த நூல்களை மட்டும் அட்டைப்பெட்டியில் தனியே வையுங்கள். பிறகு, நூல் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர்கள் பணியாற்றும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் ஆலோசனை கேளுங்கள்.