தம்பி வீட்டு இஎம்ஐயும் உங்கள் சர்க்கரை மாத்திரையும்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். வயது 44, கைக்கு வரும் சம்பளம் 72,000. ஆறு வருடமாகச் சர்க்கரை. ஊரில் தம்பி வீடு கட்ட, 15% வட்டியில் 6 லட்சம் பர்சனல் லோன் எடுத்துக் கொடுத்தேன், இஎம்ஐ 14,300. கையைக் கடிப்பதால் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன். டெஸ்ட் எடுத்து ஒரு வருடமாகிறது. தம்பி இன்னும் 3 லட்சம் கேட்கிறான். பிரீமியம் திரும்பக் கிடைக்கும் ஹெல்த் பாலிசி ஒன்றை ஏஜென்ட் சொல்கிறார். இரண்டும் சரிதானா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை விட்டு விட்டுப் போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆரோக்கியத்துக்கு மனிதர்கள் வைக்கும் மதிப்பை அளக்க, பொருளாதார வல்லுநர்கள் நாம் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறோம், ஆபத்தான வேலைக்கு எவ்வளவு கூடுதல் கூலி கேட்கிறோம் என்று பார்ப்பதுண்டு. டாக்டர், மாத்திரை, டெஸ்ட் எல்லாம் சேர்த்து மாதம் 1,500 என்று வையுங்கள். இந்த அளவுகோலில், உங்கள் உடம்பு வருடத்துக்கு 18,000கூடப் பெறாது! அது உண்மையல்ல. இஎம்ஐ போக மிஞ்சியதைத்தான் அது காட்டுகிறது. கையில் காசில்லாதவர் குறைவாகத்தான் கொடுப்பார். இந்த முறையின் பெரிய ஓட்டையே அதுதான். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: எவ்வளவு பணம் கொடுத்தால், சர்க்கரையால் உங்கள் கால் மரத்துப்போகச் சம்மதிப்பீர்கள்?

வல்லுநர்கள் நேரடியாகவும் கேட்பார்கள். மரத்த கால், மங்கிய பார்வையோடு 10 வருடம். அல்லது முழு நலத்தோடு அதைவிடக் குறைந்த வருடங்கள். எத்தனை வருடத்தில் இரண்டும் உங்களுக்குச் சமமாகத் தோன்றும்? 8 என்றால், அந்த நிலையின் மதிப்பு 0.8. பத்து வருடத்தில் 2 ஆரோக்கிய வருடங்கள் நஷ்டம். சிகிச்சை அதில் பாதியை மட்டும் காப்பாற்றினாலும், பத்து வருடச் செலவான 1.8 லட்சத்துக்கு ஒரு முழு வருடம் கிடைக்கிறது. ஒரு சிகிச்சைக்குச் செலவழிப்பது தகுமா என்று இந்தியாவில் மதிப்பிடும்போது, ஓர் ஆரோக்கிய வருடத்துக்கு நாட்டின் தனிநபர் ஜிடிபி (மொத்த உற்பத்தியைத் தலைக்கு வகுத்தது) அளவு, அதாவது 2 லட்சத்துக்கு மேல், நியாயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முன்பின் தெரியாதவருக்கே அந்தக் கணக்கு. உங்களுக்கு நீங்கள் அதையும் மறுக்கிறீர்கள்.

இப்போது தம்பி விஷயம். அதே வட்டியில் ஐந்து வருடத்துக்கு 3 லட்சம் எடுத்தால் மாதம் 7,100 கூடும். வட்டி மட்டுமே சுமார் 1.28 லட்சம். இரண்டு இஎம்ஐயும் சேர்ந்து 21,400, சம்பளத்தில் கிட்டத்தட்ட 30%. வீடு அவர் பெயரில் என்றால் வீட்டுக் கடனையும் அவர் பெயரிலேயே வாங்கட்டும். வட்டியும் பர்சனல் லோனைவிடக் குறைவு. ‘இதற்கு மேல் என்னால் முடியாது’ என்று இப்போதே சொல்லிவிடுங்கள். ‘பார்க்கலாம்’ என்றால், அதை நம்பி அவர் அடுத்த தளத்துக்குக் கம்பி வாங்கிவிடுவார்.

சம்பளம் வந்த அன்றே, இஎம்ஐக்கும் முன்னால், 1,500ஐத் தனிக் கணக்கில் போடுங்கள். கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், கண், சிறுநீரகம், பாதப் பரிசோதனையை வருடம் ஒருமுறையும் செய்யுங்கள்.

ஏஜென்ட் சொல்வதில் எனக்குப் பொறுமையில்லை. 20 வருடம் கழித்துத் திரும்பும் 1 லட்சம், 6% விலைவாசி உயர்வில் இன்றைய 31,000தான். சாதாரண மருத்துவக் காப்பீடு போதும். விண்ணப்பத்தில் சர்க்கரையைக் கட்டாயம் எழுதுங்கள். அதற்கான காத்திருப்பு, அதாவது சர்க்கரைக்கு க்ளெய்ம் கிடைக்காத காலம், அதிகபட்சம் 3 வருடம். ஏஜென்ட் ‘எழுத வேண்டாம்’ என்றால் கேட்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் க்ளெய்மை மறுக்கலாம், பாலிசியையே ரத்து செய்யலாம்.