பவர் கேட்கும் புரோக்கர்

கேள்வி: பாம்பனில் ஓட்டு வீட்டை விற்கிறோம். புரோக்கர் வேண்டுமா?

பதில்: பக்கத்து வீட்டுக்காரரே கேட்கிறார் என்றால் வேண்டாம், நல்ல பத்திர எழுத்தர் போதும். வெளியூர் ஆள் வர வேண்டுமென்றால் வையுங்கள். கமிஷனை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கீழக்கரை வீடு துபாயில் இருக்கும் அண்ணன் பெயரில் உள்ளது. "பவர் எழுதிக் கொடுங்கள், அலைச்சல் இல்லாமல் முடித்துத் தருகிறேன்" என்கிறார் புரோக்கர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது. பவர் என்றால் உரிமையாளருக்குப் பதிலாக விற்கும் அதிகாரப் பத்திரம். அதை வாங்கியவர் யாருக்கு, என்ன விலைக்கு விற்றாலும் சட்டப்படி அது உங்கள் அண்ணன் விற்றதுதான். உச்சிப்புளியில் நான் 5 சென்ட் வாங்கியபோது பவர் ஏஜென்ட்தான் கையெழுத்துப் போட்டார். சென்ட் 65,000 கொடுத்தேன். உரிமையாளரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு பட்டா மாற்ற அலைந்தபோதுதான் உரிமையாளரான பெரியம்மாவைச் சந்தித்தேன். துணிப்பையிலிருந்து நாலாக மடித்த துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். அவருக்குக் கொடுத்தது சென்ட் 40,000 என்று கணக்கு எழுதியிருந்தது. போதாததற்கு இரண்டு பேரிடமும் கமிஷன் வேறு! ஒரு நாள் நேரில் பேசியிருந்தால் அந்த அம்மாவுக்கும் நஷ்டமில்லை, எனக்கும் இல்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

அண்ணன் உங்கள் பெயருக்கே பவர் கொடுக்கட்டும். துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லுங்கள். இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுக்கு 3 லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்தேன். ரசீது இல்லை. இப்போது வீட்டில் பங்கு கேட்டு இன்னொருவர் வந்திருக்கிறார்.

பதில்: சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். அதைப் பார்க்காமல், மூலப்பத்திரத்தைக் கேட்காமல் 3 லட்சத்தை எப்படிக் கொடுத்தீர்கள்? சொத்துக்கு 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தவறு. சரி, இன்றே வக்கீலைப் பாருங்கள். மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தொண்டியில் அம்மா வீட்டை விற்க ஒருவரிடம் அசல் பத்திரத்தைக் கொடுத்தார். விற்கவும் இல்லை, கமிஷன் தந்தால்தான் பத்திரம் என்கிறார். அம்மா சாப்பிடவே மாட்டேன் என்கிறார்.

பதில்: அம்மா மீது தப்பே இல்லை, முதலில் அதைச் சொல்லுங்கள். வீடே விற்காதபோது கமிஷன் ஏது? பத்திரத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அப்புறம், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலும் எடுத்து வையுங்கள். அம்மாவை அலைய விடாதீர்கள், நீங்களே போங்கள்.