வாடகை வீட்டுக்குள் ஆன்டெனா கேபிள்: சுவரைத் தொடாமல் வழி உண்டா?

கேள்வி: கோவை சிங்காநல்லூரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவது) தேர்வு எழுதி, வியு3 என்று தொடங்கும் அழைப்புக்குறி இப்போதுதான் கிடைத்தது. மொட்டை மாடியில் ஆன்டெனா வைக்க வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். ஆனால், "செவுத்துல மட்டும் ஓட்டை போட்டுராதீங்க" என்கிறார். ஜன்னல் இடுக்கில் போகும் தட்டையான கேபிள் ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். வாங்கலாமா? ஆன்டெனாவிலிருந்து அறைக்கு 20 மீட்டர் வரும். 144, 7 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும் பேச ஆசை.

பதில்: வாழ்த்துகள். வீட்டுக்காரர் மாடியைக் கொடுத்ததே பெரிய விஷயம், அவர் சொன்னதை மதித்தே செய்துவிடலாம். தட்டைக் கேபிளை இப்போதைக்கு வாங்க வேண்டாம். இந்த வகையில் பல, டிஷ் டிவிக்காகச் செய்யப்பட்ட 75 ஓம் கேபிள்கள். ஓம் என்பது இங்கே கேபிளின் மின்மறுப்பு அளவு, அது ரேடியோவோடு பொருந்த வேண்டும். உங்களுக்கு வேண்டியது 50 ஓம். 50 ஓமிலும் கிடைக்கிறது, ஆனால் எத்தனை வாட் தாங்கும் என்று விளம்பரத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாததை ரேடியோவில் மாட்டாதீர்கள். அப்படியே நல்லதாகக் கிடைத்தாலும், ஜன்னல் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அது ஒரே இடத்தில் மடங்கும். மடங்கிய இடத்தில்தான் ஒருநாள் விட்டுப்போகும்.

முதலில் வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். நம் ஊர் வீடுகளில் ஜன்னலுக்கோ கதவுக்கோ மேலே, சாய்ந்த கண்ணாடிப் பட்டைகள் வைத்த வென்டிலேட்டர் இருக்கும். உங்கள் அறையிலும் இருந்தால் வேலை முடிந்தது போலத்தான். ஒரே ஒரு பட்டையை மெதுவாக உருவி எடுங்கள். அதை நேம் போர்டு செய்யும் கடைக்குக் கொண்டுபோய், அதே அளவில், அதே தடிமனில் அக்ரிலிக் துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். 16 மில்லிமீட்டரில் ஓர் ஓட்டையும் அவர்களே லேசரில் போட்டுத் தந்துவிடுவார்கள். வீட்டில் டிரில்லரால் போட்டால் அக்ரிலிக் விரிசல் விடலாம். அலுமினியத் தகடுதான் வேண்டுமென்றால் லேத் பட்டறைக்குப் போங்கள், கோவையில் அதற்கா பஞ்சம்! அந்த ஓட்டையில், இரண்டு பக்கமும் பிஎல்-259 (கேபிள் முனையில் போடும் திருகு பிளக்) மாட்டக்கூடிய, நட்டு வைத்த பேரல் கனெக்டரைப் பொருத்துங்கள். வெளியிலிருந்து வரும் கேபிள் ஒரு பக்கம், ரேடியோவுக்குப் போகும் கேபிள் மறுபக்கம். பழைய கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். காலி செய்யும் நாளில் திரும்ப மாட்டிவிட்டால் வீட்டுக்காரருக்கு ஒரு கீறலும் மிஞ்சாது.

இந்த முறையை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் மின்னல். சித்திரை, வைகாசியில் மாலை நேரம் நம் பக்கம் எப்படி இடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கேபிளை ரேடியோவிலிருந்து மட்டும் கழற்றி மேசைமேல் போட்டு வைப்பது போதாது. மின்னலின் பாய்ச்சல் அந்த முனை வரை, அதாவது அறைக்குள்ளேயே, வந்துவிடும். பேரல் இருந்தால் வெளிப்பக்கமே கழற்றி வெளியிலேயே விட்டுவிடலாம். வானம் கறுக்கும் முன்பே கழற்றுங்கள். இடி கேட்ட பிறகு கேபிளைத் தொடவே கூடாது. மின்னல் பாய்ச்சலைத் தரைக்குத் திருப்பிவிடும் அரெஸ்டர் வாங்குவதும் நல்லதுதான். ஆனால் வீட்டுக்கு வெளியே சரியான எர்த் கம்பியோடு இணைக்காத அரெஸ்டரால் ஒரு பயனும் இல்லை.

வென்டிலேட்டர் இல்லையா? ஏசி குழாய் போகும் ஓட்டை ஏற்கெனவே இருக்கும். அதை அடைத்திருக்கும் பசையை எடுத்துவிட்டு கேபிளை நுழைத்து, மீண்டும் அடைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்வெர்ட்டர் ஏசி சில, 7 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். உள்ளே வந்ததும் கேபிளை ஏசி வயரோடு சேர்த்துக் கட்டாமல் விலக்கி விடுங்கள். கேபிள் டிவிக்காரர் போட்ட ஓட்டையும் உதவும். 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஆர்ஜி-58 என்ற மெல்லிய 50 ஓம் கேபிள் அதில் நுழையும், ஆனால் கனெக்டர் நுழையாது. கேபிளை இழுத்த பிறகுதான் கனெக்டர் போட வேண்டும். கரண்ட் வயர் போகும் குழாய்க்குள் மட்டும் எக்காரணம் கொண்டும் ஆன்டெனா கேபிளை விடாதீர்கள்.

தள்ளு ஜன்னல் என்றால், அது ஓடும் தடத்தில் நிற்கும்படி உயரமான, ஒடுக்கமான பிளைவுட் பட்டை ஒன்றை வைத்து அதில் பேரலைப் பொருத்தலாம். பிறகு ஜன்னல் பூட்டு விழாது. தடத்தில் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டு வையுங்கள், கிரில்லும் இருக்கட்டும்.

இனி எதில் காசு போடுவது என்று பார்ப்போம். 144 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்ஜி-58 ஏறக்குறைய 4 டெசிபலை (சிக்னல் இழப்பைச் சொல்லும் அளவு) தின்றுவிடும். செட் 50 வாட் அனுப்பினால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 20 வாட்தான். அதே நீளத்துக்கு எல்எம்ஆர்-400 என்ற தடித்த கேபிள் போட்டால் சுமார் 40 வாட் போகும். 7 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 போட்டாலும் இழப்பு 1 டெசிபலுக்குள்தான், கவலை வேண்டாம். ஆகவே 144-க்கான ஆன்டெனாவிலிருந்து வென்டிலேட்டர் வரை தடித்த கேபிள் வாங்குங்கள். உள்ளே ரேடியோவுக்கு 1 மீட்டர் ஆர்ஜி-58 போதும், அதில் போவது சுமார் 0.2 டெசிபல். 7-க்கான ஆன்டெனாவுக்கு முழுக்கவே ஆர்ஜி-58 போடலாம், அக்ரிலிக்கில் இன்னோர் ஓட்டை சேர்த்தால் ஆயிற்று. தடித்த கேபிளை ஜன்னல் இடுக்கில் வைத்து நசுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் கூடுதலாகக் கொடுத்த பணம் வீண்.

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் ஓட்டு வீடு. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகக் கேபிளைக் கொண்டுவந்தேன். ஆனி, ஆடிச் சாரலில் தண்ணீர் கேபிள் வழியாகவே வந்து மேசையில் சொட்டுகிறது. என்ன வாங்கினால் நிற்கும்?

பதில்: அதை நிறுத்த எதுவும் வாங்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மழையைப் படுக்க வைத்து அடிக்கிறது. நனைந்த கேபிள் சரிவாக உள்ளே வந்தால் தண்ணீரும் கூடவே வரும். சந்துக்குள் நுழையும் முன் கேபிளை நுழைவாய்க்குக் கீழே தொங்கவிட்டு, வளைத்து, மேல்நோக்கி உள்ளே விடுங்கள். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அப்புறம், ஆன்டெனா முனையில் உள்ள கனெக்டரையும் பாருங்கள். அங்கே நீர் புகுந்தால் கேபிள் உறைக்குள் இருக்கும் கம்பிப் பின்னலில் ஊறி உள்ளுக்குள்ளேயே இறங்கும், செம்பு கறுத்துவிடும். அந்த இடத்துக்கு மட்டும், இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் ஒரு சுருள் வாங்குங்கள்.

கேள்வி: ஈரோட்டிலிருந்து. ஆன்லைனில் "சுத்தச் செம்பு ஆர்ஜி-58" என்று போட்டு விற்றார்கள். வந்ததைப் பிரித்தால் பின்னல் சல்லடை மாதிரி இருக்கிறது, நடுக்கம்பியைக் காந்தம் இழுக்கிறது. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: செம்பைக் காந்தம் இழுக்காது. உள்ளே இருப்பது செம்பு பூசிய எஃகு. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், விற்றவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தை இன்றே படம் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். காந்தம் ஒட்டுவதை வீடியோ எடுத்து, பில்லோடு சேர்த்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது. முடிவு தெரியும் வரை அந்தக் கேபிளை மேலும் வெட்டாமல் அப்படியே வைத்திருங்கள்.