வாசகர் கேள்வி – பதில்: கிறிஸ்மஸ் பரிசுக்கு மேல்தாள் செலவு தேவையா?

கேள்வி: கிறிஸ்மஸுக்கு உறவினர், அண்டை வீட்டார், ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் என்று ஏறக்குறைய இருபது பேருக்குப் பரிசு வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். பெரும்பாலும் 250 ரூபாய்க்குள் முடியும் பொருள்கள்தான். சென்ற ஆண்டு வரை கடையிலேயே இலவசமாகத் தாள் சுற்றிக் கொடுத்தார்கள். இந்த ஆண்டு ஒரு பரிசுக்கு 50 ரூபாய் கேட்கிறார்கள். பிரித்ததும் கிழித்தெறியப் போகும் தாளுக்கு ஆயிரம் ரூபாயா என்கிறார் என் கணவர். சுற்றாமல் கொடுத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் இருவரில் யார் சொல்வது சரி? – ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இருபது பரிசுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு எழுத முடியாது. உங்கள் பட்டியலில் நான்கைந்து பேருக்கு நீங்கள் சொல்வது சரி. மற்றவர்களுக்கு உங்கள் கணவர் சொல்வது சரி. அந்த நான்கைந்து பேர் யார் என்பதைப் பிரித்துக்கொண்டால் ஆயிரம் ரூபாய் இருநூற்றைம்பதுக்குள் அடங்கிவிடும்.

தாள் சுற்றினால் பரிசு கூடுதலாகப் பிடிக்குமா என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டேனியல் ஹோவர்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளை வெறுமனே பெற்றவர்களைவிடத் தாள் சுற்றிப் பெற்றவர்களுக்கே அது அதிகம் பிடித்திருந்தது. பழைய பிறந்தநாள்களையும் பண்டிகைகளையும் நினைவூட்டும் அந்தத் தாள், பொருளைப் பார்ப்பதற்கு முன்பே மனத்தை மலரச் செய்துவிடுகிறது என்று அவர் காரணம் சொன்னார். இதைக் கணவரிடம் காட்டி நீங்கள் வெற்றி கொண்டாடுவதற்கு முன், 2019-இல் வெளியான இன்னோர் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். நெவாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூடைப்பந்து அணிகளின் சின்னம் பொறித்த கோப்பைகளைச் சிலருக்கு மடிப்புப் பிசகாமலும் சிலருக்கு ஏனோதானோவென்றும் சுற்றிக் கொடுத்தார்கள். சிலருக்குத் தமக்குப் பிடித்த அணியின் கோப்பையும் சிலருக்கு எதிரணியின் கோப்பையும் வாய்த்தன. எது வாய்த்தாலும், ஏனோதானோவென்று சுற்றிய பொட்டலத்தைப் பிரித்தவர்களே தம் கோப்பையை அதிகம் விரும்பினார்கள். மேலே அழகு கூடக்கூட உள்ளே என்னவோ இருக்கிறது என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. பிரித்துப் பார்த்ததும் அந்தக் கணக்கு உதைக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேராகப் பயன்படுவது அதே ஆய்வின் பிற்பகுதிதான். நெருங்கிய நண்பர் கொடுத்த பரிசு என்றால் மேலே சொன்னபடியே இருந்த முடிவு, அவ்வளவாகப் பழகாத ஒருவர் கொடுத்தது என்றானபோது தலைகீழாக மாறியது. பழக்கம் குறைவாக இருக்கும் இடத்தில், 'இவர் என்னை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்' என்பதை அந்தப் பொட்டலத்தின் நேர்த்தியைக் கொண்டே மனிதர்கள் எடை போடுகிறார்கள். உங்கள் தங்கை அப்படி எடை போட வேண்டிய அவசியமே இல்லை. அவருக்கு விடை எப்போதோ தெரியும்.

நம் வழக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் சேருகிறது. மேல்நாட்டுக் குடும்பங்களில் கிறிஸ்மஸ் காலையில் மரத்தடியில் எல்லோரும் கூடி உட்கார்ந்து, கொடுத்தவர் எதிரிலேயே பிரிப்பார்கள். நம் ஊரில் பரிசை வாங்கியதும் கொடுத்தவர் முன்னால் பிரிப்பது இங்கிதமாகக் கருதப்படுவதில்லை. 'எதற்கு இதெல்லாம்' என்று சொல்லிக்கொண்டே வாங்கி, மேசைமேல் வைத்துவிட்டுக் காப்பி போடப் போவார்கள். ஆகவே கொடுக்கும் அந்தக் கணத்தில் இருவர் கண்ணிலும் படுவது தாள் மட்டுமே. ஒருபுறம் சீர்வரிசையைத் தாம்பாளத்தில் ஊரே பார்க்கத் திறந்து எடுத்துப் போகிற நாம், மறுபுறம் இப்படி மூடிய பொட்டலத்தைக் கைமாற்றிக்கொள்கிறோம் என்பது வேடிக்கைதான்.

எனவே போதகர் ஐயா வீடு, அலுவலகத்து மேலதிகாரி, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், பெண் கொடுக்கவோ எடுக்கவோ பேசிக்கொண்டிருக்கும் வீடு என்று, உங்களை இன்னும் முழுதாக அறியாதவர்களுக்குக் கொடுப்பவற்றைத் தயங்காமல் நேர்த்தியாகச் சுற்றிக் கொடுங்கள். அங்கே அந்த 50 ரூபாய் வீண் போகாது. அக்கா, தம்பி, நாத்தனார், பல்லாண்டு பழகிய பக்கத்து வீடு ஆகியோருக்கு, 250 ரூபாய்ப் பொருளுக்கு 50 ரூபாய்த் தாள் என்றால் நீங்கள் செலவழிக்கும் 300 ரூபாயில் ஆறில் ஒரு பங்கு குப்பைக்கூடைக்குப் போகிறது. அதை உள்ளே இருக்கும் பொருளோடு சேர்த்து 300 ரூபாய்க்கு வாங்கினால் அவர்கள் ஓராண்டு பயன்படுத்துவார்கள். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மட்டும் கண்டிப்பாகச் சுற்றுங்கள். பிள்ளைகளுக்குக் கிழிப்பதே பாதிப் பரிசு. ஆனால் எல்லோருக்கும் ஒரே நிறத்தில், ஒரே மலிவான தாளில் சுற்றுங்கள்; இல்லாவிட்டால் யாருடையது பெரிது என்ற வழக்கு அங்கேயே தொடங்கிவிடும்.

கடையில் கொடுத்துச் சுற்றுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு; நான் பட்டதால் சொல்கிறேன். தோழியின் மகளுக்கு ஆறு கோப்பைகள் கொண்ட செட் ஒன்றை ஒரு கடையில் வாங்கி, அங்கேயே சுற்றித் தரச் சொல்லிவிட்டு, பில் போடும் வரிசையில் போய் நின்றேன். பளபளக்கும் தாளும் சுருள் ரிப்பனுமாக வந்த பெட்டியை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் ஐந்து கோப்பைதான் இருந்தது என்பதைத் தோழி இரண்டு ஆண்டு கழித்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். அதுவரை நான் வேண்டுமென்றே ஒன்றை எடுத்துவிட்டேன் என்று அவர் மகள் நினைத்திருந்தாளாம். அன்றிலிருந்து பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்து, விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்த பிறகே தாளைக் கையில் எடுக்கிறேன். புடவை, சட்டை போன்றவற்றைச் சுற்றவே வேண்டாம். அளவோ நிறமோ ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ள வசதியாக, ஜவுளிக்கடைப் பையோடும் அட்டைப்பெட்டியோடும் கொடுப்பதே பெறுபவருக்கு உதவி.

வீட்டில் சுற்றுவது கடினமான வேலையும் இல்லை. பொருளைத் தாளின் நடுவில் கவிழ்த்து வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, மேலே இரண்டு விரற்கடை ஏறி நிற்கும் அளவுக்கு வெட்டுங்கள். இரு பக்கங்களிலும் மிச்சம் நிற்கும் தாள், பெட்டியின் உயரத்தில் முக்கால் பங்கு இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால்தான் மடிப்பு புடைத்து, பஞ்சுமிட்டாய்ப் பொட்டலம் போல ஆகிவிடுகிறது. எவர்சில்வர் பாத்திரத்தை நேரடியாகச் சுற்றினால் விளிம்பு தாளைக் கிழிக்கும். முதலில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். ரிப்பனைக் கட்டியபின் அதன் நுனியைக் கத்தரிக்கோலின் விளிம்புக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டால், கடைப் பையன் செய்யும் அதே சுருள் வந்துவிடும். பதினைந்து பரிசுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். செலோ டேப்பைக் கிழித்துக் கொடுக்கும் பொறுப்பை உங்கள் கணவரிடம் ஒப்படைக்கலாம்.

கேள்வி: பரிசைத் தாளில் சுற்றிக் கொடுப்பது கிறிஸ்மஸ் வரலாற்றிலேயே இருக்கிறதா, வியாபாரிகள் புகுத்தியதா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: மத்தேயு சுவிசேஷத்தில் சாஸ்திரிகள் தங்கள் பொக்கிஷங்களைத் திறந்துதான் பொன்னையும் தூபவர்க்கத்தையும் வெள்ளைப்போளத்தையும் வைக்கிறார்கள். கிறிஸ்து பிறப்பின் கதை முழுவதிலும் சுற்றப்பட்டதாகச் சொல்லப்படுவது, லூக்கா எழுதியபடி, துணிகளில் பொதிந்த அந்தப் பிள்ளை மட்டுமே.

இன்று நாம் காணும் வண்ணத் தாள் பெருவழக்காகி நூறாண்டு சொச்சம்தான் ஆகிறது. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 1917-ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ் நெரிசலில், ஹால் சகோதரர்களின் கடையில் பரிசு சுற்றும் மெல்லிய தாள்கள் தீர்ந்துபோயின. கையிருப்பில் இருந்தது, கடித உறைகளுக்கு உள்பக்கம் ஒட்டுவதற்காகப் பிரான்சிலிருந்து வந்திருந்த, பூவேலைப்பாடு கொண்ட தடித்த தாள். தாள் ஒன்று 10 சென்ட் என்று எடுத்து வைத்தார்கள். கையோடு விற்றுத் தீர்ந்தது. பின்னாளில் ஹால்மார்க் என்ற பெயரில் வளர்ந்த வாழ்த்து அட்டை நிறுவனம் அதுதான். ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் டுரூ உருவாக்கி, அது 1930-இல் விற்பனைக்கு வந்தபின் நூலும் அரக்கும் இல்லாமலே எவரும் பொட்டலம் கட்டலாம் என்றாயிற்று. ஆகவே உங்கள் ஐயம் பாதி சரி: வியாபாரிகள் திட்டமிட்டுப் புகுத்தவில்லை, கைக்கு வந்ததை விற்றார்கள்; ஆனால் விற்றபின் விடவில்லை.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் சீக்ரெட் சான்டா விளையாட்டுக்கு, அதாவது சீட்டில் வந்த பெயருக்குரியவருக்குத் தான் யாரென்று சொல்லாமல் பரிசு கொடுக்கும் விளையாட்டுக்கு, 300 ரூபாய் வரம்பு வைத்திருக்கிறோம். மேல்தாள் செலவு இந்த வரம்புக்குள் அடங்க வேண்டுமா, தனியா? – ஒரு வாசகர், சென்னை

பதில்: வரம்புக்குள்தான் அடங்க வேண்டும். தனி என்று விட்டால் ஒருவர் 20 ரூபாய்த் தாளிலும் இன்னொருவர் 200 ரூபாய்ப் பெட்டியிலும் கொண்டுவருவார்; வரம்பு வைத்ததன் நோக்கமே கெட்டுவிடும். மேலும் வீட்டு வழக்கத்துக்கு மாறாக, இங்கே எல்லார் பரிசும் ஒரே மேசையில் வரிசையாக நிற்கும், எல்லார் முன்னிலையிலும் பிரிக்கப்படும். பெரிய பெட்டிக்குள் சின்னச் சாவிக்கொத்து இருந்தால் அன்றைய தினத்துக்கு அதுதான் பேச்சு.

ஆயினும் இந்த விளையாட்டில் மூடுவது அவசியம். கொடுத்தவர் யார் என்பதை மறைக்கும் வேலையையும் அதே தாள்தான் செய்கிறது. கல்லூரிகளில் இதையே 'கிறிஸ் மா, கிறிஸ் சைல்டு' என்ற பெயரில் விளையாடியவர்களுக்குத் தெரியும், பெயர்ச்சீட்டில் உள்ள கையெழுத்தை வைத்தே பாதிப் பேரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருங்கிணைப்பவர் ஒரே வகைக் காக்கித் தாளை மொத்தமாக வாங்கி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு, பெயர்களைக் கணினியில் அச்சிட்டு ஒட்டச் சொன்னால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீரும்.

கேள்வி: பண்டிகை முடிந்ததும் சேரும் ஜிகினாத் தாள்களைப் பழைய பேப்பர்காரர் எடுக்க மறுக்கிறார். வேறு என்ன செய்வது? – ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அவர் மறுப்பது நியாயம். பளபளக்கும் தாள்களில் பல, பிளாஸ்டிக் படலத்தின் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு ஏற்றியவை. மினுக்குத் தூளிலும் பெரும்பகுதி பிளாஸ்டிக்தான். ஆலையில் கூழாக்க இவை உதவா. வாங்கும்போதே ஒரு துண்டைக் கைக்குள் கசக்கிப் பாருங்கள்: கசங்கியபடியே கிடந்தால் காகிதம், கையைத் திறந்ததும் விரிந்துகொண்டால் பிளாஸ்டிக். காகிதமாக இருந்தாலும் டேப்பையும் ரிப்பனையும் உரித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

அடுத்த ஆண்டுக்குத் துணியை யோசியுங்கள். ஜப்பானியர் பரிசையும் சாப்பாட்டுப் பெட்டியையும் 'ஃபுரோஷிகி' என்ற சதுரத் துணியில் முடிந்து எடுத்துச் செல்வார்கள். மங்கிவந்த அந்தப் பழக்கத்தை மீட்க 2006-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே தனியாக ஒரு துணியையே வெளியிட்டார். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில், கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு, 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. மஞ்சள் பையின் வாயில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டால் அதுவே பரிசுப் பொட்டலம். பெறுபவர் மறுநாள் அதே பையோடு காய்கறி வாங்கப் போவார்.

உங்கள் ஊரில் கிறிஸ்மஸ் அன்று அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் கேக்கும் அடுக்கிய தட்டை, ஓரத்தில் லேஸ் பின்னிய துணியால் மூடிப் பிள்ளைகள் கையில் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவார்களே, அதற்குத் தாளும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். துணியின் மூலையில் வீட்டுப் பெயரின் முதலெழுத்தை மட்டும் நூலால் தைத்துவிடுங்கள். வெறுந்தட்டாகத் திருப்பக் கூடாது என்று பக்கத்து வீட்டார் அதில் சர்க்கரையோ வாழைப்பழமோ வைத்து அனுப்பும்போது துணி மாறிப் போகாமல் இருக்கும்.