தீயணைக்காதவர் தீயணைப்புத் துறைக்குத் தலைவரா?

கேள்வி: நியூயார்க் தீயணைப்புத் துறைக்கு ஆம்புலன்ஸ் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண்மணியை ஆணையராக்கியிருக்கிறார்கள். எரியும் கட்டடத்துக்குள் குழாயோடு போகாதவர் அந்தத் துறையை எப்படி நடத்துவார்? தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அண்ணன், "இது அடுக்குமா என்று டாக்டரிடம் கேள்" என்கிறார்.
- வாசகி, தென்காசி

பதில்: அடுக்கும் அம்மா. இன்னும் முன்பே நடந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

நீங்கள் சொல்லும் அந்தப் பெண்மணி, லில்லியன் பான்சினோர், 30 ஆண்டுகளுக்கு மேல் ஆம்புலன்ஸ் பணியில் இருந்தவர். அந்தப் பிரிவின் தலைமைப் பொறுப்பையும் வகித்தவர். ஆணையர் பதவி மேயர் நியமிக்கும் நிர்வாகப் பதவி. 2002இல் அதற்கு வந்த நிக்கோலஸ் ஸ்கொப்பெட்டா வழக்கறிஞர். அவர் தீயணைத்ததில்லை. தீயோடு போராடும் படையை நடத்த, ஆணையருக்குக் கீழே படிப்படியாக உயர்ந்து வந்த தலைமை அதிகாரி ஒருவர் எப்போதும் உண்டு. ஸ்கொப்பெட்டா போன்றவர்கள் நடத்திய துறையை, அதே துறையின் சீருடையில் காலமெல்லாம் உழைத்தவர் நடத்தக் கூடாதா? இதை உங்கள் அண்ணனிடம் கேளுங்கள்.

1996 மார்ச் 17 வரை அந்நகரின் ஆம்புலன்ஸ்கள் அரசு மருத்துவமனைகளை நடத்தும் கழகத்திடம் இருந்தன. மேயர் ஜூலியானி அவற்றைத் தீயணைப்புத் துறையோடு இணைத்தார். காரணம் எளிது. 1970களோடு ஒப்பிட்டால் தீ விபத்துகள் குறைந்துவிட்டன. தீயணைப்பு நிலையங்களோ பேட்டைக்குப் பேட்டை இருக்கின்றன. இதயம் நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சை அழுத்துவதும் மின்அதிர்ச்சி கொடுப்பதும் தாமதமானால், ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும். ஆம்புலன்ஸ் நெரிசலில் நிற்கும்போது, அடுத்த தெருவில் இருக்கும் தீயணைப்பு வண்டி அதிர்ச்சிக் கருவியோடு போய்ச் சேர்ந்துவிடும். அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் இரவெல்லாம் நின்றவன் என்பதால் சொல்கிறேன், அந்த நாலு நிமிடத்துக்கு ஈடாக எங்களிடம் எந்த மருந்தும் இல்லை.

அந்த வகையில் இணைப்பு நல்லதே. ஆனால் இன்று அந்தத் துறைக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி மருத்துவ அழைப்புகள். அந்த வேலையைச் செய்பவர்களின் சம்பளமோ தீயணைப்பு வீரர்களைவிட மிகக் குறைவு. ஆம்புலன்ஸிலிருந்து தீயணைப்புக்கு மாறப் பதவி உயர்வுத் தேர்வே நடத்துகிறார்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்தே நிலைமையைக் கணிக்கத் தெரிந்த ஆட்கள் அந்த வழியாகப் போய்விடுகிறார்கள். அவர்களுடைய இடத்துக்குப் புதியவர்கள் வருகிறார்கள். இது எனக்குக் கோபமூட்டும் விஷயம். சம்பளப் பட்டியலைத் திருத்தாத இணைப்பு பெயர்ப்பலகையோடு நின்றுவிடுகிறது. ஆம்புலன்ஸில் வளர்ந்தவர் ஆணையராவதை நான் வரவேற்பது இதனால்தான்.

வாஷிங்டனிலும் இரண்டும் ஒரே துறைதான். 2006 ஜனவரியில் டேவிட் ரோசன்பாம் என்ற ஓய்வு பெற்ற பத்திரிகையாளரை வழிப்பறிக்காரர்கள் தலையில் அடித்துப் போட்டார்கள். உதவிக்கு வந்த துறை ஊழியர்கள் குடிபோதை என்று முடிவு கட்டினார்கள். ஆம்புலன்ஸ் வழி தவறியது. பக்கத்து மருத்துவமனையை விட்டுத் தொலைவில் இருந்ததற்குக் கொண்டுபோனது. அவர் இறந்தார். குடும்பத்தார் 2 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். பிறகு, துறையைச் சீர்திருத்தக் குழு அமைத்தால் பணம் வேண்டாம் என்று வழக்கைக் கைவிட்டார்கள். எவ்வளவு பெரிய மனது! ஒரே தலைமையின் கீழ் இருந்தும் அங்கே நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இல்லாமல் போயிருந்தது.

கேள்வி: அப்படியானால் ஆம்புலன்ஸில் மருந்து கொடுக்க உத்தரவிடுவது தீயணைப்பு அதிகாரியா?
- வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. எந்த நிலையில் எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் அதைத் தாண்டிச் செய்ய வேண்டியிருந்தால், வண்டியில் இருக்கும் பாராமெடிக் (அவசர சிகிச்சைப் பயிற்சி பெற்ற ஊழியர்), பணியில் உள்ள மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து அனுமதி பெற வேண்டும். ஆணையராக யார் வந்தாலும் அந்த அதிகாரம் மருத்துவரிடம்தான்.