சர்க்கஸ் படிக்கப் போகிறேன் என்கிற மகள், வீட்டுக் கதை மேடையேறுமோ என்கிற அப்பா

ஐயாவுக்கு வணக்கம்.

சர்க்கஸுக்கெல்லாம் படிப்பு இருக்கிறதா, அதில் பிழைக்க முடியுமா என்று இரண்டு கேள்விகளை எண் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். எண் போடாமல் கடைசிப் பத்தியில் எழுதியிருப்பதுதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது. "நான் குடித்துக்கொண்டிருந்த காலத்தையும், அப்போது வீடு இருந்த நிலையையும் கயிற்றில் ஆடிக் காட்டப் போகிறேன் என்கிறாள். இதெல்லாம் ஒரு கலையா?" அதை வெளிப்படையாக எழுதியதற்கும், குடியை விட்டதற்கும் உங்கள்மேல் மரியாதை கூடியிருக்கிறது. அதற்கே முதலில் வருகிறேன். படிப்பு, பிழைப்பு பற்றிய பதில்கள் அவ்வளவு சிக்கலானவை அல்ல.

சர்க்கஸ் என்றதும் உங்கள் மனதில் ஜெமினி சர்க்கஸ் கூடாரமும், புலியும், பார் விளையாடும் பெண்களும் வந்திருப்பார்கள். சிறுவர்களை சர்க்கஸில் வேலைக்கு வைப்பதைத் தடை செய்யும்படி 2011-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட செய்தியும் நினைவில் இருக்கலாம். உங்கள் மகள் சொல்வது அந்த சர்க்கஸ் அல்ல. விலங்கு கிடையாது, ரிங் மாஸ்டர் கிடையாது, பல நேரங்களில் கூடாரமும் கிடையாது. நாடக அரங்கில், சில சமயம் ஒரே ஒரு கலைஞர், ஒரே ஒரு கருவியோடு ஒரு மணி நேரம் நடத்துவது. சமகால சர்க்கஸ் என்கிறார்கள். பிரான்ஸ் அரசு 1985-ல் ஷாலோன் நகரில் இதற்கென்றே தேசிய சர்க்கஸ் கலை மையத்தைத் தொடங்கியது. பத்து வருடம் கழித்து அங்கு படித்து முடித்த மாணவர்களை வைத்து ஜோசெஃப் நாஜ் என்ற நடன இயக்குநர் ஒரு நிகழ்ச்சியை உருவாக்கினார். வித்தையை வரிசையாகக் காட்டிக் கைதட்டல் வாங்கும் பழக்கம் உடைந்தது அங்கேதான் என்று இத்துறையினர் இன்றும் சொல்வார்கள்.

வித்தைக்குப் பதில் என்ன வந்தது? ஆள் வந்தார். மான்ட்ரியலில் 2002-ல் தொடங்கிய 'ஏழு விரல்கள்' குழுவின் 'ட்ரேசஸ்' என்ற நிகழ்ச்சியில் கலைஞர்கள் மைக்கைப் பிடித்துத் தங்கள் பெயர், உயரம், எடை, குணம் என்று அறிமுகம் செய்துகொண்டார்கள். அதன்பின் அவர்களில் ஒருவர் கம்பத்தில் ஏறும்போது ஏறுவது யாரோ ஒரு வித்தைக்காரர் இல்லை, இன்னார் என்று நமக்குத் தெரிகிறது. 2015-ல் பெல்ஜியத்தின் அலெக்ஸாண்டர் வான்டூர்ன்ஹௌட் இன்னும் ஒரு படி போனார். அவருக்குக் கழுத்து கொஞ்சம் நீளம். அதையே பொருளாக எடுத்துக்கொண்டு, தன் பெயருக்குள்ளேயே கழுத்தைக் குறிக்கும் 'நெக்' என்ற ஆங்கிலச் சொல்லை நுழைத்துத் தலைப்பாக்கி, 'உடலின் சோகமான தன்வரலாறு' என்று துணைத்தலைப்பும் வைத்து ஒரு தனி நிகழ்ச்சி செய்தார். தடித்த அடிப்பாகம் வைத்த பூட்ஸ், குத்துச்சண்டைக் கையுறை, பழைய ஐரோப்பிய ஓவியங்களில் பிரபுக்கள் அணியும் மடிப்புக் கழுத்துப்பட்டை ஆகியவற்றை மாட்டிக்கொண்டு தன் உடம்பை நீட்டியும் சிக்கவைத்தும் பார்க்கிறார். மேடையில் நிர்வாணமாக வருகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நீங்களே யூடியூபில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வதைவிட இது மேல். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை, யாரும் வற்புறுத்துவதும் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: அந்தத் தன்வரலாற்றில் அப்பா, அம்மா, தெரு, பள்ளி எதுவும் இல்லை. ஒரு கழுத்து மட்டும்தான்.

வீட்டைச் சொன்னவர்களும் உண்டு, மறைக்கவில்லை. கியூபெக்கைச் சேர்ந்த ஆஞ்ஜெலா லோரியே உடலை வில்லாக வளைக்கும் கலைஞர். தன் குடும்பத்துக்குள் இருந்த மனநோயை 2008-ல் மேடைக்குக் கொண்டுவந்தார். அடுத்த நிகழ்ச்சியில் மனச்சிதைவு நோயுள்ள அவருடைய சகோதரரே கூட வந்து மேடையேறினார். ழான்-தானியேல் ப்ரூஸே என்பவர் தெற்கு பிரான்ஸில் தலைமுறை தலைமுறையாக ரொட்டி சுடும் குடும்பத்துப் பிள்ளை. கடையை ஏற்று நடத்த வேண்டியவர் சர்க்கஸுக்குப் போய்விட்டார். அந்தக் கடையையும் குடும்பத்தையும் வைத்தே பின்னாளில் ஒரு நிகழ்ச்சி செய்தார். உங்களுக்கு இது கேட்ட கதையாக இருக்கலாம்.

இப்போது என் கருத்து. உங்கள் மகள் பதினைந்து வயதில் முழங்கை உடைந்து ஒரு வருடம் கயிற்றைத் தொடாமல் இருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவள் உடம்பில் நடந்தது. அதைச் சொல்ல அவளுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ராத்திரி கதவு தட்டும் சத்தத்துக்கு விழித்துக் கிடந்ததும் அவளுக்கு நடந்ததுதான். ஆனால் கதவுக்கு வெளியே நின்றவர் நீங்கள். உங்கள் பெயர், குரல், படம், உங்களை அடையாளம் காட்டும் எதுவும் மேடைக்கு வருமானால் உங்களைக் கேட்டுவிட்டு வர வேண்டும், அம்மாவையும் கேட்க வேண்டும். இந்த எல்லைக் கோட்டை அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். தடை போடாதீர்கள். போட்டால் அவள் அதைத்தான் முதலில் செய்வாள், அதுவும் கோபத்தோடு செய்வாள்.

அவளிடம் நான் சொல்லப்போவது வேறொன்று. ஆறு மீட்டர் உயரத்தில் ஒரு கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்குபவர் அழக்கூடாது. மூச்சு தடுமாறும், பிடி தளரும். ஒரு நிகழ்ச்சி நன்றாக அமைந்தால் வருடக்கணக்கில், ஊர் ஊராக அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். சொல்லும்போதே தொண்டை அடைக்கிற விஷயம் இன்னும் மேடைக்குத் தயாராகவில்லை. அதை மனநல ஆலோசகரிடம் பேசலாம், நோட்டில் எழுதலாம், கயிற்றில் ஏற்றக் கூடாது. பள்ளிச் சேர்க்கையின் தேர்வுக் குழு இரங்கட்டும் என்று சோகத்தை எடுத்துக்கொண்டு போகும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. அது குழுவுக்கு உடனே தெரிந்துவிடும். சொந்தக் கதையை அழாமலும் சொல்லலாம். அதுவரை ஆணாக அறியப்பட்ட ஃபியா மெனார் என்ற பிரெஞ்சு ஜக்லிங் (பொருள்களை எறிந்து பிடிக்கும்) கலைஞர், தான் பெண் என்று வெளிப்படையாக அறிவித்த 2008-ம் ஆண்டில் பனிக்கட்டியை வைத்து ஒரு நிகழ்ச்சி செய்தார். பனி உருகுகிறது, வழுக்குகிறது, விழுந்து உடைகிறது, பிடித்த கையைச் சுடுகிறது. உடம்பு மாறுவது பற்றி இதைவிட என்ன விளக்க வேண்டும்?

உங்கள் மகளிடம் ஏற்கெனவே ஒரு சொத்து இருக்கிறது. விழுப்புரத்துப் பிள்ளை, தொங்கும் கயிற்றில் ஏறி ஆசனங்கள் செய்து காட்டும் கயிற்று மல்லர் கம்பம். கால் பெருவிரலிடுக்கில் கயிற்றைக் கவ்வி ஏறுவதைச் சின்ன வயதிலிருந்தே செய்கிறவள். ஐரோப்பியப் பள்ளிகளில் செங்குத்துக் கயிறு ஒரு தனிச் சிறப்புப் பாடம். அங்கே கயிறு தடிமனாக இருக்கும், பிடி மாறும், பழகிக்கொள்ளலாம். கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. போட்டியில் நடுங்கினால் மதிப்பெண் போய்விடும், அதனால் நடுக்கத்தை மறைக்கவே இத்தனை வருடம் பழகியிருக்கிறாள். இங்கே அந்த நடுக்கத்துக்கும் இடம் உண்டு. முன்பு உடைந்த கை இப்போது எந்தக் கோணத்தில் தயங்குகிறது, அந்தத் தயக்கத்தை அவள் எப்படிச் சுற்றிக்கொண்டு போகிறாள் என்பதைப் பார்க்கத்தான் ஆள் வருகிறார்கள். ஆசனத்தை முடித்ததும் கையை விரித்துச் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பை முதலில் விடச் சொல்லுங்கள்.

படிப்பு விஷயம். ஷாலோன், பிரஸ்ஸல்ஸில் உள்ள சர்க்கஸ் உயர்கல்விப் பள்ளி, மான்ட்ரியலில் 1981-ல் தொடங்கிய தேசியப் பள்ளி, லண்டனில் உள்ள தேசிய மையம், நெதர்லாந்தில் ராட்டர்டாமும் டில்பர்க்கும். மூன்று அல்லது நான்கு வருடப் படிப்புகள், ஐரோப்பியப் பள்ளிகள் பெரும்பாலும் பட்டமே தருகின்றன. தேர்வில் உடல் வலிமை, வளையும் தன்மை, நடனம், நடிப்பு எல்லாம் பார்ப்பார்கள். சில நிமிடத்துக்கு சொந்தமாக அமைத்த நிகழ்ச்சி ஒன்றும் வேண்டும். இடங்கள் மிகக் குறைவு, முதல் முறையே கிடைப்பது அபூர்வம். ஒரு வருடம் ஆயத்தப் படிப்பு படித்துவிட்டு மறுபடி தேர்வுக்குப் போவது அங்கே சாதாரணம். பிரான்ஸ், பெல்ஜியம் என்றால் பிரெஞ்சு கட்டாயம். பிரெஞ்சு சொல்லித் தரும் சென்னை, புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையங்களில் ஒன்றில் இந்த மாதமே சேரட்டும்.

"பி.காம். முடித்துவிட்டுப் போகட்டுமே" என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு துறையாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். இங்கே பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களையே எடுக்கிறார்கள், உடம்பும் காத்திருக்காது. தொலைநிலைக் கல்வியில் பட்டத்தைச் சேர்த்துவிட்டு, பயிற்சியை விடாமல் இருப்பதே நடுவழி. அதற்குள் புதுச்சேரி அருகே வானூரில் ஆதிசக்தி நாடகக் குழு நடத்தும் பயிற்சி முகாமுக்கு ஒருமுறை அனுப்புங்கள். மூச்சு, குரல், உடல் மூன்றையும் வைத்து நடிப்பைச் சொல்லித் தருகிறார்கள். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம்.

பிழைப்பு. மாதச் சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். பிரான்ஸில் 12 மாதத்துக்குள் 507 மணி நேரம் சம்பளத்துக்கு மேடை வேலை செய்ததைக் காட்டும் கலைஞர்களுக்கு வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. அங்கே பல குழுக்கள் உயிரோடு இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் படிப்பு முடிந்த பிறகு அங்கே தங்கி வேலை செய்ய அனுமதி கிடைத்தால்தான் உங்கள் மகளுக்கு அது பொருந்தும். தோள், மணிக்கட்டு, முதுகு மூன்றும் தேயும். முப்பத்தைந்துக்கு மேல் பலர் பயிற்சி தருவது, இயக்குவது, கயிறும் கம்பியும் கட்டிப் பாதுகாப்புப் பார்க்கும் ரிக்கிங் வேலை என்று நகர்கிறார்கள். அந்த ரிக்கிங்கை அவள் முதல் வருடத்திலிருந்தே கற்கட்டும். எந்த அரங்கிலும் அதற்கு ஆள் தேவை.

இந்தத் துறையை ஒருமுறை நேரில் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். ஐரோப்பா போக வேண்டியதில்லை. கம்போடியாவின் சியம் ரீப்பில் ஃபார் என்ற சர்க்கஸ் குழு 2013 முதல் நிகழ்ச்சி நடத்துகிறது. போருக்குப் பிறகு அகதி முகாமிலிருந்து திரும்பியவர்கள் 1994-ல் பாட்டம்பாங்கில் தொடங்கிய கலைப் பள்ளியின் கிளை அது. கெமர் ரூஜ் என்ற கொடிய ஆட்சியின் காலம் தங்கள் குடும்பங்களில் விட்டுப்போனதை அவர்கள் உடம்பால் சொல்வதை நீங்களும் அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். திரும்பி வரும் வழியில் பேசுவதற்கு நிறைய இருக்கும்.

அதுவரை ஒரு வேலை. மகளை மூன்று நிமிட வீடியோ ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். ஒரே கேமரா, இசை வேண்டாம், எடிட்டிங் வேண்டாம், போட்டி ஆசனம் ஒன்றுகூட வேண்டாம். விஷயம் முழங்கை மட்டும். எடுத்ததை முதலில் உங்களிடம் காட்டட்டும், பிறகு எனக்கு அனுப்புங்கள். பாஸ்போர்ட்டுக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றிதழிலும் அவள் இனிஷியல் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், விசா நேரத்தில் நிறையப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.