விளம்பரம் தடுக்கும் பிரவுசர்: எனக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு வேறொன்று

கேள்வி இது: போனில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் விளம்பரமாக வருகிறது. நம் விவரங்களைச் சேகரிக்காத, விளம்பரத்தைத் தடுக்கிற, பாதுகாப்பான பிரவுசர் எது? வீட்டில் பெரியவர்களுக்கும் அதையே போட்டுக் கொடுக்கலாமா? அதில் வங்கி வேலை பார்க்கலாமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்து, செட்டிங்ஸுக்குள் போய் நாலு இடத்தைத் தட்டிப் பார்க்கத் தயங்காதவர் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசரோடு ஒட்டி வேலை செய்யும் சின்னத் துணை நிரலை, சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியெல்லாம் தொடமாட்டார், கையில் கொடுத்தால் அப்படியே பயன்படுத்துவார் என்றால் அவருக்கு பிரேவ். என் போனில் முதலாவது இருக்கிறது, பெரியப்பா போனில் இரண்டாவது.

நான் மார்த்தாண்டத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை என்று வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக, ‘போனில் வைரஸ் வந்துவிட்டது’ என்று வருகிறவர்கள்தான் அதிகம். பெரியப்பாவும் அப்படித்தான் வந்தார். குலசேகரம் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. விடியுமுன் பால்வெட்டு முடித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் கோட்டயம் சந்தையில் நாலாம் தர ஷீட்டு என்ன விலை என்று போனில் பார்ப்பது அவருடைய வழக்கம். ஷீட்டை இன்று போடுவதா, ஒரு வாரம் கழித்துப் போடுவதா என்பது அந்த ஒரு எண்ணைப் பார்த்து முடிவாகிற காரியம். அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் விலைக்கு மேலே ஒரு விளம்பரம், கீழே ஒன்று, திரையை மூடிக்கொண்டு இன்னொன்று. அதை மூடுகிற பெருக்கல் குறியோ கண்ணுக்கே தெரியாத அளவில்.

“மக்களே, இதுல பதிமூணு வைரஸ் இருக்காம். பேங்க் பணம் போயிருமுன்னு எழுதிக் காட்டுது. நான் ஒண்ணும் செய்யல கேட்டியா” என்றார். பயந்து போயிருந்தார்.

போனில் வைரஸ் எதுவும் இல்லை. நடந்தது வேறு. ஏதோ ஒரு பக்கத்தில் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று வந்திருக்கிறது, அவர் அழுத்தியிருக்கிறார். அந்த அனுமதி நோட்டிபிகேஷன் அனுப்புவதற்கானது. அதைக் கொடுத்துவிட்டால் அந்தத் தளம் நீங்கள் பிரவுசரை மூடிய பிறகும் வாட்ஸ்அப் செய்தி வருவதுபோலவே மேலே செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ‘வைரஸ்’, ‘பரிசு’, ‘உங்கள் கணக்கு முடக்கம்’ எல்லாம் அதன் வழியாக வருவதுதான். தொட்டால் ஏதாவது ஒரு ஆப்பை இறக்கச் சொல்லும். நிஜமான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

உங்களுக்கும் இப்படி வந்தால் போனை ரீசெட் செய்ய வேண்டாம். நான் செய்தது இவ்வளவுதான்: பிரவுசரின் மூன்று புள்ளியைத் தொட்டு செட்டிங்ஸ், அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு, இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே முடியாதபடி அணைத்து வைத்தேன். இரண்டு நிமிட வேலை. இதற்குப் பணம் வாங்குவதே தப்பு என்று நினைக்கிறேன், யாரிடமும் வாங்குவதில்லை.

விளம்பரத் தடுப்பை நான் வெறும் வசதியாகப் பார்க்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குளச்சலில் இருந்து ஒரு அக்கா வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய பார்சல் வரவில்லை என்று கூரியரின் உதவி எண்ணைத் தேடியிருக்கிறார். தேடல் முடிவில் மேலே நின்றது விளம்பரம், அதில் இருந்தது போலி எண். எதிர்முனையில் பேசியவன் ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, திரையைப் பார்த்துக்கொண்டே கணக்கில் இருந்ததை எடுத்துவிட்டான். இந்த மோசடி நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, நிறுவனங்களின் பெயரில் போலி ஆட்கள் தேடல் விளம்பரம் வாங்கி ஏமாற்றுகிறார்கள் என்று எச்சரித்து, இணையத்தில் தேடும்போது விளம்பரம் தடுக்கும் எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கே அறிவுரை சொன்னது. அந்த அக்காவின் போனில் அன்று ஒரு ஆட் பிளாக்கர் இருந்திருந்தால் அந்த முதல் வரியே அவர் கண்ணில் பட்டிருக்காது.

சரி, பிரவுசர்களுக்கு வருவோம்.

ஆண்ட்ராய்டில் குரோம் எக்ஸ்டென்ஷன்களை ஏற்பதில்லை, அதனால் யூபிளாக் ஆரிஜினை அதில் போட வழியே இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் போடலாம். அதுதான் ஃபயர்ஃபாக்ஸைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம். யூபிளாக் ஆரிஜினை எழுதியவர் ரேமண்ட் ஹில் என்ற நிரலாளர். இலவசம், நிரல் முழுக்க வெளிப்படையாக இருக்கிறது, நன்கொடைகூட வாங்குவதில்லை. பணம் கொடுத்த விளம்பரதாரரை மட்டும் உள்ளே விடுகிற ஏற்பாடும் அதில் கிடையாது. ஒரு பக்கம் திறக்கும்போது அந்தப் பக்கம் வேறு எந்தெந்த சர்வர்களைக் கூப்பிடுகிறது என்று பார்த்து, பட்டியலில் இருக்கும் விளம்பர சர்வர், வேவு பார்க்கும் சர்வர்களுக்குப் போகிற அழைப்பையே வெட்டிவிடுகிறது. விளம்பரம் இறங்கிய பிறகு அதை மறைப்பது வேறு, இறங்கவே விடாமல் நிறுத்துவது வேறு. இறங்காததால் டேட்டாவும் மிச்சம். பேச்சிப்பாறை பக்கம் மாதிரி சிக்னல் ஒன்றிரண்டு கோடு மட்டும் காட்டுகிற இடங்களில் பக்கம் திறக்கும் வேகத்திலேயே அந்த வித்தியாசம் தெரியும்.

போடுவது எளிது. ஃபயர்ஃபாக்ஸின் மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று இருக்கும், அதில் யூபிளாக் ஆரிஜினைச் சேர்க்க வேண்டும். பெயரை முழுசாகப் பாருங்கள். ‘ஆரிஜின்’ இல்லாமல் வெறும் யூபிளாக் என்று வந்தது வேறு ஆட்களுடையது. அப்புறம் செட்டிங்ஸில் டிராக்கிங் தடுப்பை ஸ்ட்ரிக்ட் என்று வையுங்கள், மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் மட்டும் தளங்களைத் திறக்கும் ‘எச்டிடிபிஎஸ் மட்டும்’ என்பதை இயக்குங்கள், டேட்டா சேகரிப்பு என்ற இடத்தில் இருப்பதை எல்லாம் அணையுங்கள், முகப்பில் வரும் விளம்பரக் குறுக்குவழிகளையும் நீக்குங்கள். யூபிளாக் ஆரிஜினுக்குள்ளே பட்டியல்கள் என்ற பகுதியில் குக்கீ அறிவிப்புகளையும் மற்றத் தொல்லைகளையும் தடுக்கும் பட்டியல்களை டிக் செய்துகொண்டால், பாதித் திரையை மறைக்கும் ‘ஏற்கிறேன்’ பெட்டிகளும் பெரும்பாலும் போய்விடும்.

ஃபயர்ஃபாக்ஸில் குறை இல்லாமல் இல்லை. ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் நினைவகத்தைத் தொடாதபடி தனித்தனியாகப் பிரித்து வைக்கும் பாதுகாப்பை குரோம் ஆண்ட்ராய்டில் 2019-லேயே கொண்டுவந்தது. அந்த விஷயத்தில் ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் நீண்ட காலம் பின்தங்கியே இருந்தது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடலை முதன்மையாக வைப்பதற்குக் கிடைக்கும் பணம் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. 2025 பிப்ரவரியில் பயன்பாட்டு விதிகளை அவர்கள் எழுதிய விதத்துக்கு எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களில் வாசகத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. இவ்வளவையும் வைத்துப் பார்த்தும் நான் அதில்தான் இருக்கிறேன். என் கடைக்கு வரும் போன்களில் நான் காணும் சேதம் எல்லாம் மோசமான விளம்பரத்தின் வழியாக வந்ததாகவே இருக்கிறது, அந்த வாசலை யூபிளாக் ஆரிஜின் அளவுக்கு வேறொன்றும் அடைக்கவில்லை.

பிரேவ், குரோமுக்கும் அடித்தளமான குரோமியம் என்ற திறந்த நிரலின் மேல் கட்டப்பட்டது. முன்பு மொசில்லாவில் இருந்த பிரெண்டன் ஐக் தொடங்கிய நிறுவனம். விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது, எதையும் தனியாகச் சேர்க்க வேண்டாம், முதல் தடவை திறக்கும்போதே வேலை செய்யும். பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை. ஆனால் போட்டுக் கொடுக்கிறவர் பத்து நிமிடம் செலவிட வேண்டும். ரிவார்ட்ஸ், வாலட், செய்திகள், புதிய பக்கத்தில் வரும் ஸ்பான்சர் படம் எல்லாவற்றையும் அணைத்துக் கொடுங்கள். பெரியவர் கையில் கிரிப்டோ வாலட் பொத்தான் இருக்கவே கூடாது. 2020 ஜூனில், ஒரு கிரிப்டோ சந்தையின் முகவரியை டைப் செய்தால் பிரேவ் தன் கமிஷன் குறியீட்டைத் தானே ஒட்டிவிடுகிறது என்பது வெளியே வந்தது. ஐக் தவறு என்று ஒப்புக்கொண்டார், திருத்தினார்கள். தெரிந்துதான் பெரியப்பாவுக்குப் போட்டேன். தேவையில்லாததை அணைத்துவிட்ட பிரேவ், போனோடு வந்த பிரவுசரைவிட அவருக்குப் பல மடங்கு நல்லது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. டக்டக்கோ எளிமையானது, ஒரே தட்டில் எல்லாவற்றையும் அழிக்கலாம். ஆனால் 2022-ல் மைக்ரோசாஃப்டின் சில டிராக்கர்களை (வேவு பார்க்கும் நிரல்களை) அது தடுக்காமல் விட்டதை ஒரு ஆய்வாளர் கண்டுபிடித்தார், ஆகஸ்டில் அதை மாற்றினார்கள். டார் பிரவுசர் நிஜமாகவே அடையாளத்தை மறைக்க வேண்டியவர்களுக்கானது. ரப்பர் விலை பார்க்க அது வேண்டாம், மெதுவாக இருக்கும். பழைய போன்களில் யூசி பிரவுசரை இன்னும் பார்க்கிறேன். கனடாவின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக்கூடம் 2015-லேயே அது பயனர் விவரங்களைச் சரியான மறைகுறியாக்கம் இல்லாமல் அனுப்புவதைக் காட்டியது, இந்தியா 2020 ஜூன் 29 அன்று தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. யாராவது ஏபிகே ஃபைலாக அனுப்பித் தந்தாலும் போடாதீர்கள்.

ஐபோன் என்றால் கதை வேறு. இங்கே விற்கும் ஐபோனில் எந்தப் பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் என்ற இயந்திரம்தான், ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ்டென்ஷனும் கிடையாது. ஐபோனோடு வரும் சஃபாரி பிரவுசரிலேயே யூபிளாக் ஆரிஜின் லைட் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது பிரேவ்.

இன்காக்னிட்டோ போதாதா என்று கடையில் தினமும் யாராவது கேட்கிறார்கள். போதாது. அது உங்கள் போனில் ஹிஸ்டரி தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். வீட்டில் இன்னொருவர் பார்க்காமல் இருக்க உதவும். நீங்கள் போகும் தளத்துக்கும் நெட் கொடுக்கும் நிறுவனத்துக்கும் நீங்கள் தெரிந்துகொண்டேதான் இருப்பீர்கள். இந்த விஷயத்துக்காக அமெரிக்காவில் 2020-ல் கூகுள் மேல் தொடுத்த வழக்கு, சேகரித்த பதிவுகளை அழிப்பதாக 2024-ல் சமரசத்தில் முடிந்தது.

பிரவுசரை மாற்றிய பிறகும் விளம்பரம் நிற்கவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் முதலில் கேட்பது, விளம்பரம் எங்கே வருகிறது என்பதைத்தான். போனைத் திறந்ததும் சும்மா இருக்கும் திரையில் வந்தால் பிரவுசருக்கு அதில் பங்கில்லை. ஏதோ கிளீனர், டார்ச், வால்பேப்பர் ஆப்பின் வேலை அது, அந்த ஆப்பை எடுத்தால்தான் நிற்கும். ஃபேஸ்புக்கில் வந்த லிங்கைத் தொட்டால் அது ஃபேஸ்புக்கின் சொந்த ஜன்னலிலேயே திறக்கும், உங்கள் பிளாக்கர் அங்கே இல்லை. மூன்று புள்ளியைத் தொட்டு வெளி பிரவுசரில் திறங்கள். புதுப் பிரவுசரை டீஃபால்ட் ஆக்க மறந்துவிடுவதும் நடக்கும். ஆண்ட்ராய்டு 9 முதல் வந்த போன்களில், தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வரை நாமே குறிப்பிட பிரைவேட் டிஎன்எஸ் என்று செட்டிங்ஸில் ஒரு இடம் இருக்கிறது, அதில் விளம்பரத் தடுப்பு நிறுவனமான ஆட்கார்டின் டிஎன்எஸ் முகவரியைப் போட்டால் மற்ற ஆப்களுக்குள் வரும் விளம்பரமும் கணிசமாகக் குறையும். யூடியூப் விளம்பரம் அதில் நிற்காது.

விண்ணப்பம் போடும் தளம், பணம் கட்டும் பக்கம் ஏதாவது ஒன்றில் பொத்தான் வேலை செய்யாமல் போகலாம். அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணைத்துவிட்டு வேலை முடிந்ததும் திரும்பப் போடுங்கள். நான் தினமும் வாசிக்கும் இரண்டு சின்னத் தமிழ்த் தளங்களுக்கு நிரந்தரமாகவே அணைத்து வைத்திருக்கிறேன். அவர்கள் விளம்பரம் கண்ணியமாக ஒரு ஓரத்தில் இருக்கிறது, அந்த வருமானத்தில்தான் எழுதுகிறார்கள்.

கடைசியாக வங்கி. இந்த இரண்டு பிரவுசரிலும் தாராளமாகப் பார்க்கலாம், பிளே ஸ்டோரில் இருந்து இறக்கி அப்டேட் செய்து வைத்திருந்தால். ஆனால் வங்கியின் பெயரைத் தேடலில் போட்டு உள்ளே போகாதீர்கள். முகவரியை ஒரு தடவை பாஸ்புக்கைப் பார்த்து டைப் செய்து, புக்மார்க் ஆக்கிவிடுங்கள், இனி அதன் வழியாகவே போங்கள். பெரியப்பா போனில் முகப்பிலேயே இரண்டு சின்னம் வைத்துக் கொடுத்திருக்கிறேன், ஒன்று ரப்பர் வாரியத்தின் விலைப் பக்கம், இன்னொன்று அவருடைய வங்கி. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அவர் போனில் என் பெயருக்கு அடுத்ததாகச் சேமித்திருக்கிறேன். பணம் போனால் முதலில் அந்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.